காற்றுத் துளை

நவம்பர் 14, வியாழன். மதியத்திலிருந்து மழை. டிரம் கூட்டுக்குள் இருந்த வெளிச்சப் பொட்டைக் காணோம். நான்தான் அடைத்தேன். சின்னத் தவறு. சின்னதுதானா, தெரியவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு அமலி பேனாவை மூடினாள். மரத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் பழக்கும் மாலை வகுப்பு முடிய இன்னும் அரை மணி இருந்தது.

எதிரே மேசைமேல் பங்குக் கோயில் பேண்டின் பெரிய டிரம். தோல் இல்லை, வளையங்கள் இல்லை. வெறும் மரக்கூடு.

மூன்று வாரமாகப் பழைய பெயிண்டைச் சுரண்டினாள். எண்பதாம் நம்பர் உப்புத்தாள். பிறகு நூற்றியிருபது. மர ரேகை ஓடும் பக்கமாகவே தேய்த்தாள். ஒவ்வொன்றையும் எழுதி வைத்தாள். எழுதியதைச் சந்தேகப்பட்டு மறுபடி தேய்த்தாள்.

கூட்டின் பக்கவாட்டில் ஒரு துளை. சாயங்கால வெயில் அதற்குள் நுழைந்து, எதிர்ப்பக்க மரத்தில் சுண்டுவிரல் நகமளவு விழும்.

பூச்சி அரித்த ஓட்டை என்று நினைத்தாள். நேற்று பட்டி வைத்து அடைத்தாள். இன்று தேய்த்தாள். இடம் விரலுக்குக்கூடத் தெரியவில்லை. இதுவரை அவள் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

டைரியை எடுப்பதற்குச் சற்று முன்புதான் பக்கத்து மேசை இசக்கிமுத்து அண்ணன் வந்து பார்த்தார். பகலில் சைன்போர்டு எழுதுகிறவர்.

"காத்துத் துளை எங்கம்மா?"

"எது?"

"சரியாப்போச்சு. மூக்கையும் வாயையும் பொத்திட்டுப் பாடுன்னா, அது என்னத்தப் பாடும்?"

அடிக்கும்போது உள்காற்று வெளியேற ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் உள்ளேயே செத்துவிடும்.

அப்படியே விட்டாலும் யாருக்கும் தெரியாது. நாளை பிரைமர் பூச்சு. சனிக்கிழமை சிவப்பு. திருவிழாவில் டிரம் மந்தமாக ஒலித்தால் தோலைத்தான் குறை சொல்வார்கள்.

டிரம் முடிந்தால் வகுப்பும் முடிந்தது. பேண்டின் செயலாளர் அவள் அப்பா. "இந்த டிரம்முக்காகத்தான் அனுப்புனேன். பெறகு கடையும் வீடும் போதும்."

வயது இருபத்து மூன்று. பகலில் அப்பாவின் அரிசிக்கடை. இருட்டினால் வீடு. இடையில் இந்த இரண்டு மணி நேரம்.

நன்றாகச் செய்தால் வகுப்பு சீக்கிரம் முடியும். கெடுத்தாலும் முடியும். கூட்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தவள் அவள். அதற்கு மூலையும் இல்லை, கதவும் இல்லை.

வேலையை நீட்டுவதற்காகக் கை தானாக அடைத்துக்கொண்டதோ? இல்லை. தெரியாமல்தான் அடைத்தாள். தெரியாததால்தானே வகுப்புக்கே வந்தாள்.

மழை விட்டது. மேற்கே ஒரு கீற்று வெயில். ஜன்னலைத் தாண்டி வந்து, கூட்டின்மேல் பட்டு, வெளியிலேயே நின்றது. அமலி குனிந்து உள்ளே பார்த்தாள். இருட்டு.

டைரியின் கடைசிப் பக்கத்தில் அடுத்த ஆறு மாத வகுப்புக்கான விண்ணப்பம், நான்காய் மடித்தபடி. மூன்று முறை படித்துப் பார்த்திருந்தாள். அப்பா பெயருக்கு ஒரு வரி உண்டு. கையெழுத்து அவளுடையது போதும்.

போட்டாள். கோணலாக விழுந்தது. திருத்தவில்லை.

நாளை: விண்ணப்பத்தை ஆபீசில் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மில்லிமீட்டர் டிரில்லால் துளையைத் திறக்க வேண்டும். உள்ளே வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.