அப்பா பெயரில் ஒரு பவர் டில்லர்

பாகலூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர் மானாவாரி. மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுது ராகி விதைத்தால்தான் உண்டு. வருஷா வருஷம் நாங்கள் பிந்திவிடுகிறோம். ஊரில் பவர் டில்லர் வைத்திருப்பவர் நாராயணப்பன் ஒருவர்தான். முதலில் அவர் நிலம், பிறகு அவருடைய பங்காளிகள் நிலம், கடைசியில் வாடகைக்கு எங்களுக்கு. இத்தனைக்கும் எல்லார் நிலத்திலும் அதை ஓட்டுகிறவர் என் அப்பா வெங்கடப்பன்தான், கூலிக்கு.

போன வாரம் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. வேளாண் மானியம் பெற்றவர்கள் பட்டியல். பவர் டில்லர் என்பதற்கு நேராக அப்பா பெயர், தாத்தா பெயர், எங்கள் சர்வே நம்பர். பட்டியல் இனத்துச் சிறு, குறு விவசாயி, அதனால் கூடுதல் மானியம் என்றும் போட்டிருந்தது.

வீட்டில் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"சொசைட்டில மெம்பராக்கறேன்னு நாராயணப்பன் ஐயா எங்கிட்ட ஆதாரு, சிட்டா எல்லாம் வாங்கினாரே, அதுதான்" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "அப்ப உன் வண்டிய ஓட்டறதுக்கு நீயே கூலி வாங்கி, உன் வண்டிக்கு நீயே வாடகையும் குடுத்திருக்க. பெரிய மொதலாளிதான் போ."

அப்பா சிரிக்கவில்லை. அன்று ராத்திரி நல்ல மழை.

காலையில் நாராயணப்பன் எங்கள் வாசலுக்கு வந்தார். இதற்குமுன் வந்ததில்லை.

"வெங்கடப்பா, லிஸ்ட்டப் பாத்துட்டு எவனோ மனு போட்டுட்டான். நாளைக்கு ஆபீசர் விசாரிக்க வர்றாரு. வண்டிய உன் நிலத்துலயே கொண்டாந்து நிறுத்தறேன். பக்கத்துல நின்னு ஒரு போட்டோ. என்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேங்க ஐயா."

"உன் காசு ஒரு பைசா போச்சா? மானியம் போக மீதியக் கட்டினது நானு."

அதுவும் உண்மைதான். அப்பா சரிங்க என்றார்.

மறுநாள் நான் லீவு போட்டிருந்தேன். வண்டியைக் கழுவித் துடைத்து எங்கள் நிலத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஆபீசர் பைக்கில் வந்தார்.

"வண்டி யாருதுங்க?"

"என்னுதுங்க சார்."

"கொஞ்சம் சிரிங்க." போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பைக் சத்தம் அடங்கியதும், அப்பா கையிலிருந்த ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டிலுக்காக நாராயணப்பன் கையை நீட்டினார். அப்பா கொடுக்கவில்லை. அதை மாட்டிச் சுற்றினார். வண்டி கிளம்பியது.

"டேய், மொதல்ல நம்ம மேட்டு நிலம். ஈரம் காஞ்சிரும்."

"இங்கயும் காயுதுங்க ஐயா."

"போட்டோ எடுத்ததும் தலைக்கு ஏறிப்போச்சா?"

"என்னுதுன்னு நீங்கதான சொல்லச் சொன்னீங்க." காய்ச்சலாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். கோபமெல்லாம் இல்லை.

நாராயணப்பன் வரப்பில் ஏறினார். "இனிமே வேலைன்னு என் வாசப்படி மிதிச்சிராத" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மத்தியானத்துக்குள் அரை ஏக்கரும் முடிந்தது. அம்மா பின்னாலேயே விதைத்துக்கொண்டு வந்தாள். மண் காலில் ஒட்டியது. ஈரத்தில் விதைத்து எத்தனையோ வருஷமாயிற்று.

அப்பா வண்டியை எங்கள் குடத்துத் தண்ணீரிலேயே கழுவி, நாராயணப்பன் கொட்டகையில் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

"உன் பேருல இருக்கற வண்டிய ஏன்யா விட்டுட்டு வந்த?" என்றாள் அம்மா.

"மீதி அவரு கட்டினதுதான?"

டீ டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நாளைக்குக் கூலிக்கு எங்கே போவது என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"சுசித்ரா," என்றார் அப்பா, "உங்க கம்பெனியில புல்லு வெட்ட, செடிக்குத் தண்ணி ஊத்த, வயசானவங்கள எடுக்கறாங்களா? கேட்டுப் பாரு."