இரண்டாம் மாடியில் பாத்தி மிதித்தது

அந்தக் கால் சென்டரில் நல்ல ரேட்டிங் வாங்கியவர்கள் தரையிலிருந்து மிதப்பார்கள், மோசமான ரேட்டிங் வாங்கியவர்கள் தரைக்குள் இறங்குவார்கள். ஈசிஆர் ஓரம் எட்டு மாடி, ஏசி பஸ், மூன்று வேளை கேன்டீன் என்று சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லித்தான் ஆள் எடுத்தார்கள். மரக்காணத்து உப்பளத்து வீட்டிலிருந்து போன ஜெயப்ரியா முதல் வருஷமே ஒரு சாண் எழும்பினாள். சும்மாவா, திட்டுவதற்கென்றே போன் போட்ட கஸ்டமர்கூட கடைசியில் அவளுக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்ப அட்ரஸ் கேட்பான், அப்படி ஒரு வாய். அடுத்த வருஷம் முழங்கால் உயரம். பஸ்ஸை விட்டு இறங்கி, உப்புக் குவியல்களின் மேலாக மிதந்தே வீட்டுக்கு வருவாள். சாப்பிட உட்காரும்போது மட்டும் அம்மா குப்பம்மாள் அவள் மடியில் ஓர் உப்பு மூட்டையைத் தூக்கி வைப்பாள். "எவ்ளோ மேல வேணா போ, தட்டுக்குக் கை எட்டணும்ல?"

மூன்றாம் வருஷம் ஒரு பெரிய கிளையன்ட் கழன்றுகொண்டான். இரண்டாம் மாடி மொத்தத்துக்கும் ரேட்டிங் விழுந்தது. ஜெயப்ரியா டைல்ஸுக்குள் இடுப்பு வரை போனாள், டீம் லீடர் புருஷோத்தமனும் அப்படியே. பக்கத்து சீட் மேரிசெல்விக்கு மார்பு வரை. முதல் மாடி சீலிங்கில் ஒரு கால்கூடத் தொங்கவில்லை, எங்கே போயின என்று யாரும் கேட்கவுமில்லை. கழுத்தில் மாட்டிய ஐடி கார்டு தரைக்குள் போய்விட்டால் அதோடு வேலை போச்சு, அந்த ரூல்தான் எல்லாருக்கும் பயம். மேரிசெல்வியின் கார்டு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் காலைப் பிடுங்கப் பிடுங்க இன்னும் இறங்கினாள்.

"ஏய் மேரி, இழுக்காதடி! இழுத்தா உள்ள வாங்கும். மிதி!"

"இன்னாடி, ஆபீஸ்ல வந்து உப்பளம் ஓட்டற?"

"சேறுன்னா எல்லாம் சேறுதாண்டி. மிதி!"

தை பிறந்தால் உப்புப் பாத்தியின் தரையை வரிசையாக நின்று மிதித்து இறுக்குவார்கள். இறுகிய தரையில்தான் உப்பு வெள்ளையாக விளையும். ஜெயப்ரியா வருஷா வருஷம் மிதித்தவள். ஹெட்செட்டைக் கழற்றாமலே மிதித்தாள். அந்த நேரம் பார்த்து லைன் எல்லாம் ஒன்றாக அடிக்க, புருஷோத்தமன் பதறிக் கத்தினார்: "யாரும் காலை விடாதீங்க!"

அவர் சொன்னது போன் காலை. மாடியே தன் காலென்று எடுத்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தது. போனையும் யாரும் விடவில்லை. வாய் "சொல்லுங்க சார்" என்றது, கால் மிதித்தது. கடைசியில் புருஷோத்தமனும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். தரை அடியிலிருந்து இறுகி இறுகி ஆட்களை மேலே தூக்கியது. மேரிசெல்வியின் கார்டு தரையை விட்டு மேலே எழும்பியது, அப்புறம் இடுப்பு, அப்புறம் செருப்பு.

அதற்குப் பிறகு அந்த மாடியில் எவ்வளவு ரேட்டிங் விழுந்தாலும் கணுக்காலுக்குக் கீழே யாரும் போனதில்லை. ஜெயப்ரியா மறுபடி மிதக்கிறாள், தை மாதம் மட்டும் இறங்கிவந்து புதிதாகச் சேர்ந்தவர்களோடு மிதிக்கிறாள். பங்குனி வெயிலில் அந்த டைல்ஸில் உப்புப் பூக்கிறது. ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அதைக் கூட்டி அள்ளி கேன்டீனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சாம்பார் முன்னைக்கு இப்போது பரவாயில்லை.