தங்கமான பிள்ளை

திங்கட்கிழமை காலை பாடசாலை அதிபர் ஆளனுப்பி, என்னைத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்தே வரச் சொன்னார். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். அவருடைய அறை ஜன்னலில் கண்ணாடியே இல்லை. சுவரோரம் தனுஜா நின்றாள். பதினொரு வயது. கையில் இன்னும் ஒரு கல். அதைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை அந்த மகாராணிக்கு.

"இன்னொரு தடவ இப்படி நடந்தா இவள இங்க வச்சிருக்க ஏலாது. டொக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் அதிபர்.

தனுஜா என் தங்கை வினோதாவின் மகள். வினோதா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் மூன்றாவது வருஷம். அப்பன்காரன் கொழும்பில் ஏதோ கடையில் நிற்கிறான், தீபாவளிக்கு வந்து தலையைக் காட்டுவான். ஏர்போர்ட்டுக்குப் போக வான் வண்டியில் ஏறும்போது என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒன்னய நம்பித்தான் எம்புள்ளய விட்டுட்டுப் போறேன்" என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. கடவுளே, அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! தலைவாரி விட, சோறு கட்டிக்கொடுக்க, எனக்கென்று ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பாடசாலையை விட்டே துரத்திவிட்டால் நான் வினோதா முகத்தில் எப்படி விழிப்பேன்?

இது புதிதுமில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகத் திருட்டு, பொய், அடிதடி. எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்கா பொறுக்கி அடுக்கிய விறகுக்குத் தீ வைத்தாள். நான் அடித்தும் பார்த்தேன், கும்பிட்டும் பார்த்தேன். அடித்தால் அழவே மாட்டாள், சனியன்.

வினோதாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. வெளிநாட்டில் இருப்பவளுக்கு நல்ல சேதி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் லயத்துச் சட்டம். அங்கே தனியாகக் கிடந்து அழுவாளே என்றுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் வீடியோவில் வந்தால் லயமே என் வாசலில் கூடிவிடும். விறகைப் பறிகொடுத்த அதே வாரம் ராக்காயி அக்கா போனுக்குள் தலையை விட்டு, "ஒம்புள்ள தங்கம்டி வினோதா!" என்று கத்தினாள். தனுஜா கதவோரம் நின்று முறைத்தாள். வினோதாவும் வழக்கம்போல, "அடுத்த மாசம் வந்துருவேன்டா கண்ணு" என்றாள்.

லிந்துலையில் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் டிலானி முதலில் தனுஜாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். குளிசை, மருந்து தருவார் என்று பார்த்தால், இந்த அம்மா கேள்வியாய்க் கேட்கிறார். எப்போது தொடங்கியது? வீட்டிலும் பாடசாலையிலும் ஒரே மாதிரியா? பிராணிகளை வதைப்பாளா?

"சேச்சே! கோழிக்குஞ்சுக்கு ஒழுங்கா தண்ணி வைப்பாளுங்க."

"அதுக்கு அவள நல்ல புள்ளன்னு சொல்லியிருக்கீங்களா?"

"தண்ணி வைக்கிறதுக்கெல்லாமா நல்ல புள்ளன்னு சொல்லுவாங்க?"

அவர் சிரித்துவிட்டு, அவள் செய்த ஒவ்வொரு அட்டகாசத்துக்கும் முன்னால் என்ன நடந்தது என்று கேட்டார். விறகு எரிந்தது திங்கட்கிழமை. ராக்காயி அக்காவின் தோடு காணாமல் போனதும் திங்கட்கிழமை. கண்ணாடியும் அப்படித்தான்.

"ஞாயித்துக்கிழமைகள்ல என்ன நடக்கும்?"

"ஒன்னும் இல்லங்க. தங்கச்சி வீடியோ கோல் எடுப்பா..." சொல்லிக்கொண்டே அந்தத் திங்கட்கிழமைகளை விரல் மடக்கி எண்ணினேன்.

டொக்டர் தனுஜாவை உள்ளே கூப்பிட்டார். "என்கிட்ட சொன்னத பெரியம்மாகிட்டயும் சொல்றீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள். "நான் என்ன செஞ்சாலும் அம்மாகிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் தங்கமா இருக்கேன்னா அம்மா ஏன் வருவாங்க?"

பிள்ளை எங்களுக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. அம்மா காதுக்கு ஒரு சேதி போகட்டும் என்று ஒவ்வொரு வாரமும் பாடுபட்டிருக்கிறாள். பாவிகள் நாங்கள் அதை வாசலிலேயே மறித்துவிட்டோம்.

"இது ஒன்னுதான் காரணம்னு நான் சொல்லல" என்றார் டொக்டர். "மாசக்கணக்குல வேலை இருக்கு. அடிக்கக் கூடாது. கொஞ்சமா சட்டம் போடுங்க, போட்டத மாத்தாதீங்க. ஒடச்சா அவளே கூட்டி அள்ளணும். நல்லது செஞ்சா அப்பவே வாய்விட்டுச் சொல்லுங்க. அதிபரோட நான் பேசுறேன். மாசாமாசம் ரெண்டு பேரும் வரணும்."

"தங்கச்சிக்கு என்னங்க சொல்றது?"

"உண்மைய. அவங்களும் இவகிட்ட உண்மையே சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ராக்காயி அக்கா வாயைத் திறந்தாள். "அக்கா, நீங்க சும்மா இருங்க" என்று போனைப் பிடுங்கி, எல்லாவற்றையும் கொட்டினேன். விறகை, தோட்டை, கண்ணாடியை, அதிபர் சொன்னதை, பிள்ளை சொன்னதை. ஐயோ, தங்கச்சி உயிரையே எடுத்துவிட்டேனே என்று நினைத்தேன்.

"அவகிட்ட குடு" என்றாள் வினோதா.

பிறகு ஏச ஆரம்பித்தாள் பாருங்கள்! யாரோ வீட்டுக் குசினி அடுப்படியில் நிற்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. "ஏன்டி, அந்த மனுசி மலையேறிப் பொறுக்குன விறகு ஒனக்கு வெளயாட்டா? களவா எடுக்குற கைய ஒடச்சிப்புடுவேன்!" லயமே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. தனுஜா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு இமைக்காமல் கேட்டாள். என் அடிக்கு அழாதவளின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"எப்பம்மா வருவீங்க?"

வினோதா நிறுத்தினாள். "இந்தத் தீபாவளிக்கு ஏலாதுடி. அடுத்த தீபாவளிக்குத்தான்." சொல்லிவிட்டு அழுதாள்.

போனைத் தூக்கி எறியப் போகிறாள் என்று நான் கையை நீட்டினேன். தனுஜா எறியவில்லை. முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அம்மா, கண்ணாடி ஒடச்சதுக்கு இன்னும் ஏசல" என்றாள். "அதுக்கும் ஏசுங்க."