ஒன்பதாவது குண்டூசி

வாய்ப்புண் வந்தால் மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். தையல்காரருக்கு அந்த வசதி இல்லை. அளவெடுக்கும்போது ஓயாமல் பேச்சுக் கொடுத்தால்தான் வந்தவர் வயிற்றை எக்கிப் பிடிக்க மறந்துபோவார், உண்மையான இடுப்பளவு வெளியே வரும். அதனால் கீழ் உதட்டின் உட்பக்கம் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று, போதாக்குறைக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு என்று மூன்று பக்கமும் தாக்குதல் நடந்தபோதும் நம் தையல்காரர் நான்கு நாள் பேசிக்கொண்டேதான் இருந்தார். முக்கால்வாசிப் பேச்சு வலியைப் பற்றி.

"வலிக்குதுன்னு சொல்றதுக்கும் அதே வாய்தானே வேணும்? போய் மருந்து வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. கடையில் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள் வேலை. புருஷனை விரட்டுவது கூடுதல் பொறுப்பு.

தெருக்கோடியில் மருந்துக்கடை. கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்று சாமான்களை மேசைமேல் வைத்தார்.

"இந்த ஜெல்லைப் புண்ணு மேல ஒரு பட்டாணி அளவு தடவுங்க. மரத்துப் போயிடும். தொண்டைக்கு இந்த ஸ்ப்ரே, ரெண்டே ரெண்டு அடி. இந்த மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்பினா ஜில்லுன்னு இருக்கும். மருந்து போட்டதும் எதையும் சாப்பிடாதீங்க, நாக்கைக் கடிச்சுக்கிட்டாலும் தெரியாது. சூடா எதுவும் குடிக்காதீங்க."

சாப்பிடாதே என்றார், குடிக்காதே என்றார். குண்டூசியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? மரத்துப்போன வாயில் கொத்துக் குண்டூசியைச் செருகிக்கொள்ளும் அறிவாளிகள் உலகத்தில் ஒரே ஒரு தொழிலில்தான் இருக்கிறார்கள்.

தையல்காரர் கடைக்குத் திரும்பி மருந்து போட்டுக்கொண்டார். அவர் தடவிய பட்டாணி எலுமிச்சம்பழத்துக்குத் தம்பி. ஸ்ப்ரேயை இரண்டுக்கு ஐந்தாக அடித்தார். மேலே அந்த ஜில் மாத்திரை வேறு. பத்தே நிமிடத்தில் அவர் வாய், வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. மூக்குக்குக் கீழே வெறும் காலி மனை. நான்கு நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. வந்ததா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் கவுன் தைக்கக் கொடுத்திருந்த பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தைக்குப் பத்து மாதம். அப்பா கப்பலில் வேலை செய்கிறார், மகளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. நாலு மணிக்கு ஸ்டூடியோவில் படம் எடுத்து அவருக்கு அனுப்பவேண்டும். அதற்காகத்தான் வெள்ளைக் கவுன், கீழ் விளிம்பில் லேஸ்.

"அண்ணே, முடிஞ்சிடுச்சா? இன்னிக்கு ராத்திரி கப்பல் கிளம்பிடும். கிளம்பிட்டா ரெண்டு வாரத்துக்கு அவருக்குப் போனே கிடைக்காது."

லேஸ் மட்டும்தான் பாக்கி. தையல்காரர் ஒன்பது குண்டூசிகளை உதட்டில் வரிசையாகச் செருகினார். எப்போதும் ஒன்பது. தொழில் பழகிய நாள் முதல் அதுதான் கணக்கு. ஒன்பது வெளியே வந்தால் ஒன்பதும் பஞ்சு உருண்டைக்குத் திரும்பவேண்டும். விளிம்பை மடித்து ஊசி குத்தினார், தைத்தார், ஊசியை உருவி வாயில் வைத்தார், அடுத்த பக்கம் மடித்தார். அரை மணியில் கவுன் தயார். தாயும் மகளும் கிளம்பினார்கள்.

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். ஆறு, ஏழு, எட்டு.

எட்டு.

உதட்டைத் தடவிப் பார்த்தார். யாரோ ஒருவருடைய உதட்டைத் தடவுவதுபோல இருந்தது. மனைவி ஒன்றும் கேட்காமலே காந்தத்தை எடுத்துத் தரை முழுவதும் ஓட்டினாள். பழைய ஹூக் இரண்டும் போன வருடம் தொலைந்த சாவி ஒன்றும் ஒட்டின. குண்டூசி இல்லை.

"ஆ காட்டுங்க."

காட்டினார். போன் விளக்கை அடித்து உள்ளே பார்த்தாள்.

"நாக்குதான் தெரியுது. அதுக்கென்ன, எப்பவும் நீளம்தான். முழுங்கிட்டீங்களா?"

"தெயியய" என்றார். தெரியலை என்று சொல்ல நினைத்தார்.

இனி அந்த ஊசி இருக்கக்கூடிய இடம் இரண்டுதான். ஒன்று அவர் வயிறு. இன்னொன்று, இரட்டையாக மடித்துத் தைத்த அந்த வெள்ளை விளிம்பு. அதற்குள்ளே இரண்டு பிஞ்சுக் கால்கள்.

மனைவி அந்தப் பெண்ணுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. அவர் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினார். ஓடும்போது மனதுக்குள் ஒரே வேண்டுதல்: நான்தான் முழுங்கியிருக்கணும். என் வயித்துலதான் இருக்கணும். இப்படி ஒரு வேண்டுதலைக் கேட்டு, மேலே இருப்பவர் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்திருப்பார்.

ஸ்டூடியோவில் குழந்தை முக்காலிமேல் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. தையல்காரர் கையை ஆட்டி ஏதோ கத்தினார். ஈரத்துணியை உதறும் சத்தம்தான் வந்தது. பின்னாலேயே மூச்சு வாங்க வந்த மனைவி சொன்னாள்: "ஒரு குண்டூசியைக் காணோம்மா. கவுன்ல இருக்கலாம். கழட்டிடு!"

அடுத்த நொடியில் கவுன் கழன்றுவிட்டது. உள்சட்டையோடு குழந்தை எல்லோரையும் வேடிக்கை பார்த்தது. தையல்காரர் கவுனைப் பரப்பி, மனைவி கையோடு கொண்டுவந்த காந்தத்தை விளிம்பு முழுக்க ஓட்டினார். ஒரு சுற்று, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. எதுவும் ஒட்டவில்லை. வேண்டுதல் பலித்துவிட்டது போலிருந்தது. முதலில் சந்தோஷம் வந்தது, அதற்குப் பின்னாலேயே, அப்படியானால் ஊசி தன் வயிற்றில் என்பது உறைத்தது.

"அப்ப ஊசி எங்கண்ணே?"

அவர் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"நிச்சயமாவா?"

பொய் சொல்லியிருக்கலாம். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

அவள் கவுனை நாற்காலிமேல் மெதுவாக வைத்தாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே. காந்தம் இல்லைன்னு சொல்லுது, ஆனா என் மனசு கேக்க மாட்டேங்குது. ஊசியைக் கண்ணால பாக்காம இதைப் பாப்பாவுக்குப் போடமாட்டேன். உள்சட்டையோடவே எடுத்துக்கறோம். அவங்கப்பா ஒண்ணும் நினைக்கமாட்டாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சமாதானமாகச் சொன்னாள்.

"சீக்கிரம் சொல்லுங்க. அஞ்சு மணிக்கு வேற குடும்பம் வருது" என்றார் கேமராவுக்குப் பின்னால் நின்ற படக்காரர். "பாப்பாவுக்கும் கண்ணு சொருகுது."

தையல்காரரின் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அரை மணி நேரம் பொறும்மா. இவரைத் திறந்தாவது எடுத்துட்டு வரேன்."

மருந்துக்கடைக்கார அம்மா கதை முழுவதையும் கேட்டார். முதலில் ஜெல் குழாயைக் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். பாதி காலி. "ஒரு வாரத்து மருந்து இது! பல்லு விளக்கினீங்களா?"

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் உடனே எக்ஸ்ரே எடுங்க. விளையாட்டு இல்ல. வண்டி வர்ற வரைக்கும் அப்படி உக்காருங்க."

மனைவி வண்டிக்குப் போன் செய்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூடியோவில் ஒரு குழந்தை உள்சட்டையோடு தூங்கி விழுந்துகொண்டிருக்கும். எங்கேயோ ஒரு கப்பலில் ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அப்போதுதான் நாக்கு நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு தொண்டை தன் கரகரப்பை மெதுவாக ஞாபகப்படுத்தியது. உதட்டுப் புண் எரிய ஆரம்பித்தது. கன்னத்துப் புண்ணும் சேர்ந்துகொண்டது. நான்கு நாளாகத் திட்டித் தீர்த்த வலிகள், வீட்டைக் காலி செய்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசியில், கூட்டத்தோடு கூட்டமாக, முன்பின் தெரியாத புது ஆள் ஒருவர். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால். மெல்லிசாக. கூராக.

"குத்துது!" என்று எழுந்தார். அந்த மத்தியானத்தில் அவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"என்ன குத்துது, மனசா?" என்றாள் மனைவி.

"வாயிடி! வாய் குத்துது! எங்கன்னு தெரியுது!"

அவர் குதித்த குதியைப் பார்த்தால் பரிசு விழுந்த ஆள் என்று நினைக்கத் தோன்றும். மருந்துக்கடைக்கார அம்மா கையுறை மாட்டி, ஒரு குச்சியால் கன்னத்தை ஒதுக்கி, விளக்கை அடித்தார். வாயை அகலமாகத் திறக்கத் திறக்கக் கன்னம் பல்லோடு ஒட்டி அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே, ஜெல் படுக்கையில், நீலத்தலைக் குண்டூசி ஒன்று சொகுசாகப் படுத்திருந்தது. இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். டிங் என்றது.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வண்டிக்காரருக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்று சொல்லி ஏழெட்டு முறை மன்னிப்புக் கேட்டாள்.

"லேசா கீறியிருக்கு. உப்புத் தண்ணியில கொப்பளிங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் அந்த அம்மா. "எரிச்சலுக்கு நானே ஒரு துளி ஜெல் வச்சு விடட்டுமா? நிஜப் பட்டாணி அளவு."

"வேணாம்மா. கொஞ்ச நேரம் வலிக்கட்டும். எது எங்க இருக்குன்னு அதுவாவது எனக்குச் சொல்லுதே."

ஸ்டூடியோ கடிகாரத்தில் ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது. அந்தப் பெண் ஊசியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்து, அது கிடந்த இடத்தையும் காட்டினார். அவள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு கவுனை எடுத்து, விளிம்பு முழுவதையும் தன் விரலாலேயே அங்குலம் அங்குலமாக ஒரு சுற்று தடவினாள். அவர் பொறுமையாக நின்றார். அது அவளுடைய உரிமை.

கவுன் குழந்தைமேல் ஏறியது.

ஆனால் குழந்தைக்கு இப்போது தூக்கக் கலக்கம். உதடு பிதுங்கி, அழுகைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. படக்காரர் விசில் அடித்தார், பொம்மையை ஆட்டினார். பலிக்கவில்லை. தையல்காரர் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்று, "பாப்பா, இங்க பாரு" என்று வாய் நிறையச் சிரித்தார். உதட்டுப் புண் சுரீரென்றது. முகம் ஒரு பக்கமாகக் கோணி, ஒரு கண் மூடி, மூக்கு சுருங்கி, "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கிளம்பியது.

குழந்தை ஒரு கணம் அவரையே பார்த்தது. பிறகு இரண்டு கையையும் தலையணையில் அடித்துக்கொண்டு கிளுகிளுவென்று சிரித்தது. கேமரா மின்னியது.

"பிரமாதம்! அண்ணே, இன்னொரு தடவை அதே மாதிரி செய்யுங்க" என்றார் படக்காரர்.

"இன்னும் எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்றார் தையல்காரர், கண்ணில் தண்ணீரோடு, அடுத்த சிரிப்புக்கு உதட்டை இழுத்துக்கொண்டே.