மூன்றாம் மாடியில் ஆள் நடமாட்டம்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. திருப்பூர் மங்கலம் சாலையில், நான்கு மாடித் துணிக்கடை ஒன்றின் இருநூற்றுப் பன்னிரண்டு விளக்குகளும் கம்பியில்லாக் கட்டுப்பாட்டுக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு விளக்கின் பக்கத்திலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சென்சார். கீழே ஆள் அசைந்தால் விளக்கு எரியும். ஐந்து நிமிடம் அசைவில்லையென்றால் அணைந்துவிடும்.

மூன்றாம் மாடி ஸ்வெட்டர் பிரிவு. ஊட்டிக்குப் போகிறவர்களையும் வடக்கே ரயிலேறுகிறவர்களையும் விட்டால் அங்கே யாருக்கும் வேலையில்லை. ரோஸ்மேரி மட்டும் நாள் முழுக்க இருந்தாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கணவனோடு பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, பிறகு இந்தக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தவள். அவன் இறந்து நான்கு வருடமாகிறது. முழங்கால் தேய்ந்துபோய்க் கீழ்த்தளக் கூட்டத்தில் நிற்க முடியாமலானபோது, மேனேஜர் சசிகுமார்தான் இரக்கப்பட்டு அவளுக்கு இந்த மாடியையும் ஒரு ஸ்டூலையும் கொடுத்திருந்தார்.

இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தால் விளக்கு அணைந்தது. கையை ஆட்டினால் தலைக்கு மேலே ஒன்று மட்டும் எரிந்தது. ஜன்னல்களை ரேக் வைத்து அடைத்திருந்ததால் மற்ற இடமெல்லாம் இருட்டு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் எழுந்து நடந்தாள். நடந்த வழியெல்லாம் வெளிச்சம் வந்தது. நிற்காமல் சுற்றி வந்தால் மாடி முழுக்க எரிந்துகொண்டே இருந்தது. ஆட்கள் வந்து போகிற இடம் போலவே இருந்தது. முழங்கால் வலித்தது. அப்படியும் நடந்தாள்.

பில் கவுன்டரில் இருக்கும் கீதாஞ்சலி ஒருநாள் டீ கொண்டுவந்தாள்.

“ஏனுங்க்கா, ஒரு ஈ காக்காயக் காணோம், கல்யாண மண்டபமாட்டப் பளிச்சுனு கெடக்குது. யாருக்குங்க ஷோ காட்டறீங்க?”

“எனக்குத்தாம்ட்டி. இருட்டுக்குள்ள எப்படி உக்காந்திருக்க முடியும்?”

“நீங்க நடக்கற நடைக்குப் பழனிக்கே போயிருக்கலாமுங்க.”

“நான் போனா வேளாங்கண்ணிக்கில்லா போவணும்.”

கீதாஞ்சலி சிரித்துக்கொண்டே லிப்டில் இறங்கிவிட்டாள். அன்று ரோஸ்மேரி வேறு யாரிடமும் பேசவில்லை.

மாதக் கடைசியில் சசிகுமார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் டேப்லெட் இருந்தது. அதில், விளக்குச் சென்சார்கள் பதிந்த ஆள் நடமாட்டத்தைக் காட்டும் கடையின் வரைபடம். மூன்றாம் மாடி முழுக்கச் சிவப்பு.

“உக்காருங்க்கா. இதப் பாருங்க. கடையிலயே உங்க மாடியிலதான் நடமாட்டம் ஜாஸ்தின்னு காட்டுது. தெனம் ஒம்பது மணி நேரம் ஆளு இருக்குது. பில்லு மாசத்துக்கே பதினொண்ணு. வர்றவங்ககிட்ட என்னதானுங்க பேசி அனுப்பறீங்க? உங்கள நிறுத்தச் சொல்றாருங்க முதலாளி.”

ரோஸ்மேரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வாயை மூடிக்கொண்டிருந்தால், வந்த கூட்டத்தை அவள்தான் விரட்டினாள் என்றாகும். உண்மையைச் சொன்னால், அந்த மாடிக்கு ஆளே தேவையில்லை என்றாகும்.

“யாரும் வரல சார். நாந்தான் நடந்தேன்.”

“எதுக்குங்க்கா?”

“உக்காந்தா லைட்டு அணைஞ்சு போவுது சார்.”

சசிகுமார் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “செரி. மேல போயி நடங்க. நான் இங்கிருந்து இதுல பாக்கறேன்.”

அவள் மேலே போனாள். முதல் ரேக்கிலிருந்து கடைசி ரேக் வரை, அங்கிருந்து சுவரோரமாகத் திரும்பி, மறுபடியும் முதல் ரேக். அவர் பார்க்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. ஆனாலும் எப்போதும்போல் விந்தி நடக்காமல் நேராக நடக்கப் பார்த்தாள். நாலாவது சுற்றில் போன் அடித்தது.

“போதுமுங்க்கா,” என்றார் சசிகுமார். “தெரிஞ்சிருச்சுங்க. நீங்க உக்காருங்க.”

ஆகஸ்ட் 5 அன்று மூன்றாம் மாடி மூடப்பட்டது. ஸ்வெட்டர்கள் வேலம்பாளையம் குடோனுக்குப் போயின. ரோஸ்மேரியை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதே குடோனில் விலைச்சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே வேறு ஆள் கிடையாது.