நாலாம் நம்பர் டப்பா

எலக்ட்ரீஷியனுக்கு அந்தச் சுவரைப் பார்த்தாலே பயம். குடியிருப்பின் மூன்று கட்டிடங்களுக்கும் பொதுவான சுற்றுச்சுவர். அதில் சிரிக்கிற சிறுமி ஒருத்தியின் முகத்தை வரைந்து, அறுபது கட்டமாகப் பிரித்து, வீட்டுக்கு ஒரு கட்டம் என்று கொடுத்திருந்தார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மா. பத்து வருஷமாக லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களெல்லாம் இப்போது ஒருவருக்கொருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கதை பேசினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இவருக்குப் பிறவியிலிருந்தே சிவப்பும் பச்சையும் ஒன்று. அது மனைவிக்கு மட்டுமே தெரியும். வெளியே தெரிந்தால் வேலை போகும், வேலைக்காகக் கொடுத்த வீடும் கூடவே போகும்.

ஒயர் வாங்கி வந்தால் மனைவிதான் நூல் கட்டித் தருவாள். சிவப்புக்கு ஒரு நூல், பச்சைக்கு இரண்டு. அப்படியே பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

பெயிண்டில் மாட்டமாட்டோம் என்றுதான் நினைத்தார். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் நிறத்துக்கு ஒரு நம்பர், சுவரிலும் அதே நம்பர். இவர் கட்டம் சிறுமியின் வலது கன்னம், நாலாம் நம்பர் ரோஸ். மனைவியோ மறுகோடியில் கூந்தலுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தாள். இவர் பாட்டுக்கு நாலாம் நம்பரைத் திறந்து, கோடு தாண்டாமல் அழகாக அடித்து முடித்தார்.

முந்தின நாள் முதல் மாடித் தையல்காரர் மூடிகளையெல்லாம் கழுவி, கைக்கு வந்தபடி மாற்றி மாற்றி மூடி வைத்திருந்தார். மற்றவர்கள் திறந்து பார்த்ததுமே சரியான டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். நம்பரை நம்பியவர் இவர் ஒருவர்தான்.

"என்னண்ணே இது, பிள்ளைக்குக் கன்னம் பச்சையா இருக்கு?" என்றார் தையல்காரர்.

கூட்டம் கூடிவிட்டது. மனைவி பிரஷ்ஷும் கையுமாக ஓடி வந்தாள். அதற்குள் செயலாளர் அம்மா சிரித்துவிட்டார்.

"இருக்கட்டும்! ரோஸ் கன்னம் எல்லாரும்தான் போடுவாங்க. இவருக்கு ரசனை ஜாஸ்தி."

எல்லோரும் கைதட்டினார்கள். தலை தப்பியது என்று அவர் மூச்சு விடுவதற்குள் அந்த அம்மா தொடர்ந்தார்.

"நாளைக்குப் புது மீட்டர் போர்டு வருது. ஒயரெல்லாம் அதுலயே வந்துடும். அறுபது வீட்டுக்கும் நீங்களே மாத்திடுங்க. உங்களை நம்பித்தான் வேற ஆளைக் கூப்பிடல."

முன்கூட்டியே நூல் கட்ட வழியே இல்லை. அவர் கூட்டத்தைப் பார்த்தார். போன மாசம் வரை அவருக்கு இவர்களெல்லாம் வெறும் வீட்டு நம்பர்கள். இப்போது மூக்கிலும் முழங்கையிலும் பெயிண்டோடு நின்று அவருக்காகக் கைதட்டுகிறார்கள். தப்பித்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னால முடியாதும்மா. அது ரசனை இல்ல. எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியும்."

தையல்காரர் ஏணியிலிருந்து கையை எடுத்தார். "அப்போ இத்தனை வருஷமா எங்க வீட்டு ஒயரெல்லாம்?"

"ஒவ்வொண்ணையும் டெஸ்ட் பண்ணித்தான் மாட்டுவேன். கலரை இவ பாத்துச் சொல்லுவா."

செயலாளர் அம்மா மனைவியைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இனிமே மீட்டர் ரூமுக்குள்ள இவர் தனியாப் போகக் கூடாது," என்றார்.

அவ்வளவுதான், வேலை போயிற்று என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு நீயும் வந்துடும்மா. இத்தனை நாள் பாத்த வேலைதானே."

மனைவி தலையை ஆட்டினாள். எலக்ட்ரீஷியன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். நாலாம் நம்பர் டப்பாவை எடுத்து அதன் மூடியை இறுக்கி மூடினார்.