செவலையின் கன்று

கன்று போட்ட மறுநாள் படுத்த செவலை அப்புறம் எழுந்திருக்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றினார். அடுத்த நாளும் ஏற்றிப் பார்த்தார். "ஒரே பக்கமா கெடந்தா கால் மரத்துப் போகும்மா. மாத்தி மாத்திப் பொரட்டி விட்டுட்டே இருங்க" என்று சொல்லிப் போனார்.

அன்றிலிருந்து அற்புதத்துக்கும் அவள் புருஷன் அமிர்தராஜுக்கும் கட்டுத்தரையே கதி. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்பை ஒட்டி வீடு, இரண்டே மாடுகள். செவலையைப் புரட்ட அவர் முதுகைக் கொடுத்துத் தள்ளுவார், அவள் காலை மடக்கிக் கொடுப்பாள். ஈர வைக்கோலை மாற்றி, படுத்தே கிடந்து வந்த புண்ணில் வேப்பெண்ணெய் தடவி, புல்லைக் கையாலேயே ஊட்டுவாள். செவலை மெல்லும். எழுந்திருக்க மட்டும் முயலாது.

இதற்கு நடுவே ஞாயிற்றுக்கிழமை, கணபதி பகுதியில் இருக்கும் மகள் ஃபெமினாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள் அற்புதம்.

"வளைகாப்புக்கும் மாட்டுக்கு நோவுன்னு நின்னுட்டே. இதுக்கும் நின்னா புள்ள மனசு என்னாகும்?"

பக்கத்துத் தோட்டத்து வேலுமணியும் வந்து சொன்னான். "நானும் எங்கூட்டுக்காரியும் பாத்துக்கறோமுங்க்கா. போயிட்டு வாங்க."

இருவரும் போனார்கள். கோயிலில் பேரன் தலையில் பாதிரியார் தண்ணீர் ஊற்றியதும் அவன் காலை உதைத்து அழுதான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சின்னக் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அற்புதத்துக்கு, வேலுமணி இந்நேரம் புரட்டியிருப்பானா என்ற நினைப்பு. உடனே தன்மேலேயே கோபம் வந்தது.

பந்தியில் அவள் இலையில் சோறு அப்படியே இருந்ததை ஃபெமினா பார்த்துவிட்டாள்.

"நான் கோவிச்சுக்குவேன்னு உக்காந்திருக்காதம்மா. கெளம்பு. நீ வந்ததே எனக்குப் போதும்."

பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது வேலுமணி வாசலிலேயே நின்றிருந்தான். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

"மத்தியானமே போயிருச்சுங்க்கா. பொரட்டலாம்னு போனா, மூச்சில்லீங்க."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே சாமி."

"கொழந்தைக்கு நல்லது நடக்கற நேரத்துல எப்படீங்க்கா சொல்றது?"

அற்புதம் செவலையின் பக்கத்தில் உட்கார்ந்து காதுமடலைத் தடவினாள். சில்லென்றிருந்தது. "நான் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தாள்.

"இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்" என்றார் அமிர்தராஜ்.

கன்று கத்தியது. இன்னொரு மாடு கருப்பி, கறக்கும் நேரம் தாண்டிப் போனதால் மடி கனத்துக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. அழுவதற்குக்கூட இப்போது நேரமில்லை. அற்புதம் எழுந்து பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகினாள். கை கழுவிக் கருப்பியைக் கறந்தாள். அந்தப் பாலைக் குண்டாவில் ஊற்றி, விரலை நனைத்துக் கன்றின் வாயில் வைத்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு தாய் கிடந்த பக்கமே இழுத்தது. குண்டாவையும் முட்டித் தள்ளியது. மறுபடி ஊற்றினாள்.

"குடி கண்ணு. என்ர கையிலதான் இனி."

சொரசொரப்பான சின்ன நாக்கு ஒருவழியாக விரலைச் சுற்றிக்கொண்டது.

வேலுமணி தோப்பு மூலையில் குழி வெட்ட ஆள் கூப்பிடப் போனான். அமிர்தராஜின் போன் அடித்தது. ஃபெமினாதான். விஷயத்தைச் சொன்னார்.

"கன்னு பால் குடிக்குதாப்பா?"

அமிர்தராஜ் திரும்பிப் பார்த்தார்.

"உங்கம்மா ஊட்டிட்டு இருக்கறா. பாதி வயித்துக்குப் போகுது கண்ணு, பாதி சேலைக்குப் போகுது."